நேரம் இல்லையா? துண்டு துண்டாகக் கிடக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களிடம் எதற்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் "பிள்ளைகளுக்காகத்தான்" என்று சொல்வார்கள். ஆறு மாதம் கழித்து அதே வீட்டிற்குப் போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டருக்கு முன்னால் அப்பாவோ அம்மாவோ உட்கார்ந்து ஆபீஸ் வேலையை முடித்துக் கொண்டிருப்பார். பிள்ளை பக்கத்து அறையில் செல்போனைப் பார்த்துக் கொண்டிருக்கும்.

எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. திருவண்ணாமலை கலெக்டர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலில் குடியிருக்கிறோம். நான் சாப்ட்வேர் இன்ஜினியர். வெளியூரில் உள்ள ஒரு நிறுவனத்திற்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். பஸ் பயணம் இல்லை, டிராபிக் இல்லை. அந்த நேரமெல்லாம் மகளுடன் விளையாடக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பாகப் போனது.

ஒரு நாள் மாலை என் மாமியார் என் மகளிடம், "ஒரு நிமிஷம் இரு கண்ணு, அம்மா வந்துடுவா" என்று சொன்னார். யு.கே.ஜி. படிக்கும் அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "ஒரு நிமிஷமா? அப்போ நான் தூங்கிடுவேன் ஆயா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு தகவலைச் சொல்வது போலச் சொன்னாள். ஒரு நிமிஷம் என்றால் எவ்வளவு நேரம் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தது நான்தானே? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நேரம் எங்கே போகிறது?

என் தொழிலில் ஒரு புரோகிராம் மெதுவாக ஓடினால் உடனே அதைத் திருத்த மாட்டோம். நேரம் எங்கே செலவாகிறது என்று முதலில் அளந்து பார்ப்போம். அதையே என் விஷயத்திலும் செய்தேன். ஆண்ட்ராய்ட் போன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் "டிஜிட்டல் வெல்பீயிங்" என்ற பகுதியைப் பார்த்திருக்கலாம். ஐபோனில் இதன் பெயர் "ஸ்கிரீன் டைம்". இரண்டும் 2018 இல் வந்தவை. எந்த அப்ளிகேஷனை எவ்வளவு நேரம் பார்த்தோம், போனை எத்தனை முறை திறந்தோம் என்று இவை காட்டும்.

ஒரு வாரக் கணக்கைப் பார்த்தேன். ஆபீஸ் வேலையைச் சேர்க்காமல் தினமும் 2 மணி நேரத்திற்கு மேல் போனில் போயிருந்தது. திறந்த எண்ணிக்கை சராசரியாக 85. அதாவது ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்தில் எனக்கும் சந்தோஷம் கிடைக்கவில்லை, என் மகளுக்கும் கிடைக்கவில்லை.

பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியவர்களுக்கு இது புரியும். டிஸ்க்கில் 20 ஜிபி காலி என்று விண்டோஸ் காட்டும். ஆனால் அந்தக் காலியிடம் ஒரே இடத்தில் இருக்காது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். ஒரு பெரிய பைலைப் பதிந்தால் அதுவும் துண்டு துண்டாகத்தான் பதியும். அதைப் படிக்க டிஸ்க்கின் முள் அங்கும் இங்கும் ஓடும். கம்ப்யூட்டர் மெதுவாகிவிடும். இதைச் சரி செய்யத்தான் "டிபிராக்" என்ற வசதி வந்தது. சிதறியவற்றை எடுத்து ஒரே இடத்தில் அடுக்குவதுதான் அதன் வேலை. (உங்கள் புதிய கம்ப்யூட்டரில் எஸ்.எஸ்.டி. இருந்தால் டிபிராக் தேவையில்லை. அதில் ஓடும் பாகம் எதுவும் கிடையாது. அதற்குத் தேவையான பராமரிப்பை விண்டோஸே பார்த்துக் கொள்ளும்.)

என் நிலைமையும் இதுதான். நேரம் இல்லாமல் இல்லை. அது சிதறிக் கிடந்தது.

நாட்டின் கணக்கு என்ன சொல்கிறது?

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஆய்வு நடத்துகிறது. 1998-99 இல் தமிழ்நாடு உட்பட 6 மாநிலங்களில் இது முன்னோட்டமாக நடந்தது. நாடு முழுவதற்குமான ஆய்வு 2019 இல் முதல் முறையும், 2024 இல் இரண்டாம் முறையும் நடந்தது.

பொழுதுபோக்கு, கலாச்சாரம், ஊடகம், விளையாட்டு ஆகியவற்றுக்காக 6 வயதுக்கு மேற்பட்டவர்கள் செலவிட்ட நேரம் 2019 இல் நாளில் 9.9 சதவீதம். 2024 இல் அது 11 சதவீதம். மணிக்கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 2 மணி 23 நிமிடத்திலிருந்து 2 மணி 38 நிமிடமாகக் கூடியிருக்கிறது. இது எல்லா வயதினருக்கும் சேர்த்த சராசரி. சிறு பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் "இந்தக் காலத்தில் யாருக்கும் நேரமே இல்லை" என்ற பேச்சோடு இந்தக் கணக்கு ஒத்துப் போகவில்லை.

அதே 2024 ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைக் கவனித்துக் கொள்ளும் வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் 21.4 சதவீதம் பேர். செய்பவர்களை மட்டும் எடுத்துக் கொண்டாலும் பெண்கள் நாளுக்கு 140 நிமிடமும், ஆண்கள் 74 நிமிடமும் செலவிடுகிறார்கள். எனவே "பெற்றோருக்கு நேரம் இல்லை" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அம்மாவின் நேரப் பற்றாக்குறையில் ஒரு பங்கை அப்பா தீர்க்க முடியும்.

வேலை நேரம் கூடினால்?

இன்னொரு பக்கம், இன்னும் அதிகமாக வேலை செய்ய வேண்டும் என்ற குரலும் கேட்கிறது. இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்போசிஸ் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னார். 90 மணி நேரம் என்று எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் பேசிய வீடியோ 2025 ஜனவரியில் பரவியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்திற்கு 168 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேரத் தூக்கத்திற்கு 56 போனால் மீதி 112. அதில் 90 ஐக் கழித்தால் 22. ஒரு நாளுக்கு 3 மணி நேரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். குளிப்பது, சமைப்பது, சாப்பிடுவது, கடைக்குப் போவது, பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். வேறு யாரோ வீட்டு வேலை முழுவதையும் செய்து தருகிறார்கள் என்றால்தான் இந்தக் கணக்கு சரிப்பட்டு வரும். அந்த "வேறு யாரோ" பெரும்பாலும் யார் என்று மேலே உள்ள ஆய்வு சொல்லிவிட்டது.

இந்தியாவின் முதல் மே தினத்தை 1923 இல் சென்னையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். சரியாக 100 ஆண்டு கழித்து, 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதால் அதே ஆண்டு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். ஓய்வு நேரம் யாரும் தானாகக் கொடுத்தது அல்ல, கேட்டு வாங்கியது. அப்படி வாங்கிய நேரத்தை ஒன்றரை நிமிடத் துண்டுகளாக நாமே உதிர்த்துவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

பௌர்ணமி சொல்லும் பாடம்

எங்கள் ஊரில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம் வர லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். 14 கிலோமீட்டர் நடை. சென்னையிலிருந்தும், பெங்களூருவிலிருந்தும் ஆபீஸ் வேலையை முடித்துவிட்டுப் பஸ் ஏறி வந்து, இரவெல்லாம் நடந்து, மறுநாள் வேலைக்குத் திரும்புபவர்கள் உண்டு. அவர்களுக்கு மட்டும் ஒரு நாளில் 30 மணி நேரமா இருக்கிறது?

அவர்களால் முடிவதற்குக் காரணம் பக்தி என்று சொல்வீர்கள். உண்மைதான். இன்னொரு காரணமும் உண்டு. பௌர்ணமியின் தேதி காலண்டரில் முன்பே இருக்கிறது. அதை யாரும் தள்ளி வைக்க முடியாது. கார்த்திகை தீபமும் அப்படித்தான். மலை உச்சியில் மாலை 6 மணிக்குத் தீபம் ஏற்றுவார்கள். அன்று இந்த ஊரில் யாரும் "ஒரு மெயில் அனுப்பிவிட்டு வருகிறேன்" என்று சொல்வதில்லை. 6 மணிக்கு எல்லோரும் மாடியில் நிற்பார்கள்.

வேலை எல்லாம் முடிந்து மீதம் இருக்கும் நேரத்தில் பிள்ளையுடன் விளையாடலாம் என்று நினைத்தால் அந்த நேரம் வராது. ஏனென்றால் வேலை முடிவதே இல்லை. விளையாட்டு நேரத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியைத்தான் வேலைக்குத் தர வேண்டும். என் கருத்து இவ்வளவுதான்.

நான் செய்தவை

உங்கள் நேரத்தை விழுங்கும் கம்ப்யூட்டரையே அதற்குக் காவல் வைக்கலாம். நான் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, காலண்டர். கூகுள் காலண்டரில் மாலை 5.45 முதல் 6.30 வரை ஒரு பதிவை உருவாக்கினேன். "ரிபீட்" பகுதியில் திங்கள் முதல் வெள்ளி வரை என்று தேர்ந்தெடுத்து, "பிஸி" என்று குறித்தேன். அலுவலகக் காலண்டரிலும் அதையே செய்தேன். அந்த நேரத்தில் யாராவது மீட்டிங் வைக்க முயன்றால் நான் பிஸி என்று தெரியும். எங்கள் டீமில் முதலிலேயே சொல்லிவிட்டேன். இரவு 8 மணிக்கு மேல் வெளிநாட்டுக்காரர்களுடன் பேசும் வேலை எனக்கு இருப்பதால் அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. நான் கேட்காமல் இருந்ததுதான் இத்தனை நாள் தப்பு.

இரண்டாவது, அறிவிப்புகள். விண்டோஸ் 11 இல் ஸ்டார்ட், செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிபிகேஷன்ஸ் என்று வரிசையாகச் செல்லுங்கள். "டு நாட் டிஸ்டர்ப்" என்று இருக்கும். அது எந்த நேரத்தில் தானாக இயங்க வேண்டும் என்று அங்கேயே அமைத்துவிடலாம். விண்டோஸ் 10 இல் இதன் பெயர் "போகஸ் அசிஸ்ட்". (பழைய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது.) போனிலும் இதே போன்ற வசதி உண்டு. வீட்டிலுள்ள பெரியவர்களின் அழைப்பு மட்டும் வரும்படி அமைத்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்காமல், திறந்திருக்கும் பைல்களை சேவ் செய்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நோட்பேடில் ஒரு வரி எழுதிவிட்டு எழுவேன். கம்ப்யூட்டர் ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதலாவது எந்த இடத்தில் நின்றது என்று குறித்து வைத்துக் கொள்கிறது. நம் மூளை அப்படிச் செய்வதில்லை. பாதியில் விட்ட வேலை மனதில் ஒட்டிக் கொண்டே வரும் என்று சோபி லெராய் என்ற ஆய்வாளர் 2009 இல் எழுதிய கட்டுரை ஒன்று விளக்குகிறது. எழுதி வைத்துவிட்டால் தலையில் சுமந்து கொண்டு போக வேண்டியதில்லை. உடல் மகளிடமும் மனம் பக்கில் இருக்கும் வரியிலும் இருந்தால், பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சேர்ந்து விளையாடுங்கள்

அந்த 45 நிமிடத்தில் என்ன செய்வது? பாதி நாட்கள் கம்ப்யூட்டரே வேண்டாம். நாங்கள் தெருவில் ஷட்டில் ஆடுவோம். மழைக்காலத்தில் வேங்கிக்கால் ஏரியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவோம்.

மற்ற நாட்களில் கம்ப்யூட்டரில் சேர்ந்து உட்காருவோம். "டக்ஸ் பெயிண்ட்" என்ற இலவச ஓவிய புரோகிராம் 2002 இல் பில் கெண்ட்ரிக் என்பவரால் உருவாக்கப்பட்டது. 3 வயது முதலே பயன்படுத்தலாம். இன்ஸ்டால் செய்த பிறகு இன்டர்நெட் தேவையில்லை. தமிழ் மொழியையும் அதில் தேர்ந்தெடுக்கலாம். "ஜிகாம்பிரி" என்ற இலவசத் தொகுப்பில் எண், எழுத்து, புதிர் என்று நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் உள்ளன. பிள்ளைக்கு 8 வயதாகிவிட்டால் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007 இல் வெளியிட்ட "ஸ்கிராட்ச்" மூலம் நீங்களே சேர்ந்து ஒரு விளையாட்டை உருவாக்கலாம். கட்டங்களை இழுத்துப் பொருத்தினால் போதும், புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அளவும் தேவை. 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 5 வயது வரை நாளுக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், அதுவும் பெரியவர் மேற்பார்வையில் என்றும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வழிகாட்டியிருக்கிறது. குழந்தையைத் திரைக்கு முன் உட்கார வைத்துவிட்டு நாம் எழுந்து போவதைச் சேர்ந்து விளையாடுவது என்று சொல்ல முடியாது.

நமக்கும் விளையாட்டு வேண்டும்

பெற்றோரின் சந்தோஷம் என்றால் பிள்ளையுடன் விளையாடுவது மட்டும்தானா? இல்லை. தனக்கே தனக்கு என்று கொஞ்ச நேரம் வேண்டும். இதைச் சொல்ல நம் வீடுகளில், முக்கியமாக அம்மாக்களுக்கு, கூச்சமாக இருக்கிறது. சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் என் கணவர் மகளைப் பார்த்துக் கொள்கிறார். அந்த நேரத்தில் நான் யாருக்கும் பயன்படாத சின்ன கேம் புரோகிராம்களை எழுதுகிறேன். கடைசியாக எழுதியதில் ஒரு பூனை மேலிருந்து விழும் இட்லிகளைப் பிடிக்க வேண்டும். "வேலை இல்லாத நேரத்திலும் கம்ப்யூட்டரா?" என்று அத்தை சிரித்தார். பிறகு அவரும் விளையாடிப் பார்த்து 11 இட்லி பிடித்தார்.

நீங்கள் புதிதாகக் கம்ப்யூட்டர் கற்பவர் என்றால் விளையாடுவதற்குக் குற்ற உணர்வே வேண்டாம். 1990 இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சாலிடேர் சீட்டு விளையாட்டு, மவுஸால் ஒன்றைப் பிடித்து இழுத்து வைக்கும் பழக்கத்தை எத்தனையோ பேருக்குக் கற்றுக் கொடுத்தது. அதை எழுதிய வெஸ் செர்ரி அப்போது மைக்ரோசாப்டில் பயிற்சிக்கு வந்திருந்தவர். 2019 இல் அந்த விளையாட்டுக்கு உலக வீடியோ கேம் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது.

எல்லோராலும் 45 நிமிடம் ஒதுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கடை வைத்திருப்பவர் மாலை 6 மணிக்குக் கடையைச் சாத்த முடியாது. அவர்கள் 15 நிமிடத்தை எடுத்து வையுங்கள். ஆனால் அது உடையாத 15 நிமிடமாக இருக்கட்டும். ஒன்றரை நிமிடத் துண்டுகள் பத்தைச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது.

நானும் தவறாமல் கடைப்பிடிக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சென்ற மாதம் ஒரு நாள் சரியாக 5.40 க்கு அவசர வேலை வந்துவிட்டது. ஆனால் "ஒரு நிமிஷம்" என்று சொல்லவில்லை. "இன்னிக்கு முடியாது, நாளைக்குக் காலையில ஸ்கூலுக்கு முன்னாடி ஆடலாம்" என்று சொன்னேன். அவள் கொஞ்சம் அழுதாள். மறுநாள் காலை 6 மணிக்கு ஷட்டில் பேட்டுடன் வந்து என்னை எழுப்பினாள். நான் சொன்ன நேரத்தை அவள் நம்பியிருந்தாள்.

இன்று உங்கள் கம்ப்யூட்டரை ஆப் செய்யும் முன் காலண்டரைத் திறந்து ஒரே ஒரு பதிவைப் போட்டு வையுங்கள். முயன்று பாருங்களேன்.